டில்லி விவசாயத் துறைக்கு நம் கழனியில் என்ன வேலை?

(வானொலிப் பண்ணைப் பேச்சு)



சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தை மாதம் திருப்போரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். சம்பா அறுவடை நேரம். பருவம் தப்பிய மழை மூன்று நாள் பெய்து ஓய்ந்திருந்தது. களத்தில் நெல்லைப் பரப்பிப் போட்டு, காலால் தள்ளித் தள்ளி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சில குவியல்களில் முளை கிளம்பியிருந்தது.

அங்கே ஒரு பெரியவர். இரண்டு ஏக்கர் வாரத்துக்கு உழுகிறவர். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"ஏங்க, டில்லியிலே ஒரு விவசாய டிபார்ட்மெண்டு இருக்குது. மெட்ராசிலே ஒண்ணு இருக்குது. நெல்லு ஈரமா இருக்குதுன்னு எடுக்க மாட்டேங்கறாங்க. கேட்டா, அது டில்லி ரூலுங்கறாங்க. இன்ஷூரன்ஸைப் பத்திக் கேட்டா வேற ஆபீசைக் காட்டறாங்க. நாங்க யாரைத்தான் கேக்கிறது? டில்லிக்காரங்களுக்கு நம்ம கழனியிலே இன்னாதான் வேலை?"

அன்றைக்கு அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இன்று உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன். எந்த வேலை யாருடையது என்று தெரியாமல் போனால், அலைச்சலோடு முடிவதில்லை. ஒரு போகமே போய்விடும்.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

இந்திய சர்க்காரில் விவசாயத்துக்கு என்று ஒரு துறை முதன்முதலில் 1871-ல் மேயோ பிரபு காலத்தில் ஏற்பட்டது. வருவாய், விவசாயம், வர்த்தகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே துறை. 1879-ல் அதை மூடியும் விட்டார்கள். இதற்கு நடுவில்தான் 1876 முதல் 1878 வரை நம் சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம் ஊருக்குக் கிழக்கே கடலோரமாக ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் சென்னை நகரத்துக்குள் இருக்கும் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அன்றைய கவர்னரின் பெயர்தான் கால்வாய்க்கு வந்தது. பஞ்சம் தணிந்த பிறகு ஒரு கமிஷன் போட்டு விசாரித்தார்கள். விவசாயத்தைக் கவனிக்கத் தனித் துறை வேண்டும் என்று அந்தக் கமிஷன் 1880-ல் சொல்ல, 1881-ல் துறை மீண்டும் பிறந்தது. ஆகவே டில்லித் துறை நிலைத்து நின்றதற்குக் காரணம் நம் பக்கத்து மக்கள் பட்ட பசியும்தான்.

பிறகு 1919-ஆம் வருஷச் சீர்திருத்தச் சட்டப்படி விவசாயம் மாகாண மந்திரிகளின் பொறுப்புக்குப் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு எழுதிய அரசியல் சட்டமும் அதை மாற்றவில்லை. விவசாயம், நீர்ப்பாசனம், நிலம் எல்லாம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. அப்படியானால் உங்கள் ஏரியைத் தூர் வாருவதும், மதகைப் பழுது பார்ப்பதும், பம்புசெட்டுக்கு மின்சாரம் கொடுப்பதும், உதவி வேளாண்மை அலுவலரை ஊருக்கு அனுப்புவதும் டில்லியின் வேலை அல்ல. தையூர் ஏரியானாலும் மானாமதி ஏரியானாலும் அதற்கு மனு கொடுக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது.

பின்னே டில்லிக்கு என்ன வேலை? ஐந்து வேலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஆராய்ச்சி.

ஒரு மாநிலம் தனியாகச் செய்து முடிக்க முடியாத ஆராய்ச்சியை டில்லி செய்கிறது. 1905-ல் பீகாரில் பூசா என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். 1934 பூகம்பத்தில் அது இடிந்துபோக, டில்லிக்கு மாற்றினார்கள். 1929-ல் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு, 1946-ல் ஒரிசாவில் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது.

கட்டாக்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் வேலை 1950-களில் அங்கேதான் நடந்தது. அந்த வேலையின் பலன்தான் ஆடுதுறை 27. ஆடுதுறை நிலையம் அதைத் தேர்ந்தெடுத்து 1960-களின் நடுவில் வெளியிட்டது. திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசிற்று. தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒட்டுச் சேர்த்தது மத்திய சர்க்கார் நிலையம், தேர்ந்தெடுத்தது மாநில நிலையம், ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது வானொலி. மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் அந்த நெல் களத்துக்கு வந்திருக்காது.

நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையம் முன்பு நம் ஜில்லாவில் இருந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. டி.கே.எம். என்று ஆரம்பிக்கும் நெல் ரகங்களெல்லாம் அங்கே பிறந்தவை. அதில் டி.கே.எம்.6 என்ற ரகம் குருத்துப்பூச்சியைத் தாங்கும். அந்தக் குணத்துக்காகவே பிலிப்பைன்ஸ் நாட்டு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அதை ஒட்டுச் சேர்த்தார்கள். அப்படி வந்ததுதான் நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்ட ஐ.ஆர்.20. நம் மண்ணின் நெல் கடல் தாண்டிப் போய், பேரன் பேத்தியோடு திரும்பி வந்தது.

ஆராய்ச்சி என்றால் நெல் மட்டும் அல்ல. கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஏறிப்போய் நெல்லுக்கு ஆகாத கழிமுகத்து நிலத்தில் மீனும் இறாலும் வளர்க்க வழி பார்ப்பவர்கள் அவர்கள். கொடுவா மீனைப் பண்ணையில் முட்டையிடச் செய்து குஞ்சு எடுக்கும் முறையை 1997-ல் அவர்கள் சாதித்தார்கள். இதுவும் டில்லிப் பணத்தில் நடக்கும் நிலையம்தான். காட்டுப்பாக்கத்தில் ஒரு வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பணம் டில்லியுடையது, நடத்துவது தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம். நாட்டிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் பாண்டிச்சேரியில்தான் ஆரம்பமாயிற்று.

இரண்டாவது வேலை, காவல்.

விதைச் சட்டம் 1966-ல் வந்தது. பூச்சிமருந்துச் சட்டம் 1968-ல் வந்தது. உரக் கட்டுப்பாட்டு ஆணை இப்போது 1985-ஆம் வருஷத்து ஆணைப்படி நடக்கிறது. சட்டம் டில்லியுடையது, கடைக்குப் போய் மாதிரி எடுத்துச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் மாநில அலுவலர். ஆகவே விதை முளைக்கவில்லை, மருந்து கேட்கவில்லை என்றால் டில்லிக்கு எழுதிப் பயனில்லை. ரசீதோடும், மிச்சமிருக்கும் விதைப் பையோடும், பையில் தைத்த சீட்டோடும் திருப்போரூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். ரசீது இல்லாமல் வாங்கினீர்களானால் சட்டம் உங்கள் பக்கம் வராது.

வெளிநாட்டிலிருந்து வரும் பூச்சியைத் தடுப்பதும் டில்லி வேலை. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி கண்டார்கள். மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய சர்க்கார் பூச்சி ஆராய்ச்சி நிலையம், அந்த மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கும் ஒரு சின்னக் குளவியை அமெரிக்க நாட்டாரின் ஒத்தாசையோடு வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கிக் கொடுத்தது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிற்று. வெளிநாட்டுப் பூச்சி ஒன்றை நாட்டுக்குள் விடும் அனுமதியை டில்லிதான் கொடுக்க முடியும். பெருக்கி ஊர் ஊராகக் கொடுப்பது இங்குள்ளவர்கள் வேலை.

மூன்றாவது வேலை, விலை.

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பெரியவர் கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது.

1964-ல் நம் சி. சுப்பிரமணியம் டில்லியில் உணவு, விவசாய மந்திரியானார். 1965 ஜனவரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. விவசாய விலைக் கமிஷன் ஏற்பட்டது. இந்திய உணவுக் கழகமும் ஏற்பட்டது. உணவுக் கழகத்தின் முதல் ஜில்லா ஆபீஸ் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். விலை சொல்ல ஒருவர், அந்த விலைக்கு எடுக்க ஒருவர் என்பது ஏற்பாடு. விலை மட்டும் சொல்லி, எடுக்க ஆள் இல்லாவிட்டால் அந்த விலை காகிதத்தோடு நின்றுவிடும்.

இன்றும் அந்த ஏற்பாடுதான். விலைக் கமிஷன் கணக்குப் பார்த்துச் சொல்லும். மத்திய மந்திரிசபை முடிவு செய்யும். 2025-26-க்குச் சாதா நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய் என்று டில்லி அறிவித்தது. அதன்மேல் தமிழ்நாடு அரசு சாதா ரகத்துக்கு 131 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 156 ரூபாயும் ஊக்கத்தொகை சேர்த்தது. ஆக 2,500 ரூபாய், 2,545 ரூபாய். சாதா நெல் கிலோ 25 ரூபாய் ஆயிற்று. வியாபாரி சொல்லும் 75 கிலோ மூட்டைக் கணக்கில், அந்த வருஷம் மூட்டைக்கு 1,875 ரூபாய் ஆயிற்று. விலை வருஷா வருஷம் மாறும். அந்தந்த வருஷத்து விலையை அறுவடைக்கு முன்பே கேட்டு, இதே போலக் கணக்குப் போட்டு வையுங்கள்.

இந்த விலை போதுமா என்ற வழக்கு பழைய வழக்கு. கைச்செலவையும் வீட்டார் உழைப்பையும் கூட்டி, அதற்குமேல் பாதி சேர்த்து விலை வைக்கிறோம் என்கிறது டில்லி. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் கூட்டிய பிறகல்லவா பாதி சேர்க்க வேண்டும் என்று கேட்கின்றன விவசாய சங்கங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இருந்த தேசிய விவசாயிகள் ஆணையம், செலவுக்கு மேல் பாதியாவது வேண்டும் என்று சொன்னதிலிருந்து இந்த வாதம் நடக்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். நாம் கணக்கே எழுதி வைக்காமல் இருந்தால் வாதாடவும் முடியாது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இப்போது ஈர நெல்லுக்கு வருகிறேன். நேரடி கொள்முதல் நிலையத்தை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அது மாநில நிறுவனம். ஆனால் அது எடுக்கும் நெல் மத்தியத் தொகுப்புக் கணக்கில் போவதால், 17 சதவீத ஈரம் என்ற வரம்பு டில்லியில் வைத்தது. அதை வைத்தது விவசாயத் துறைகூட இல்லை, உணவுத் துறை. மழை பெய்து ஈரம் ஏறினால், மாநிலம் டில்லிக்கு எழுத வேண்டும். டில்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். பிறகு தளர்த்துவார்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். ஆனால் குழு வந்து போகும் வரை முளைவிட்ட நெல் காத்திருக்குமா? இந்தக் குறையை மாநில அதிகாரிகளும் சொல்கிறார்கள், விவசாயிகளும் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மழை விட்ட அன்றே நாலு பேராகச் சேர்ந்து, எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை, எந்தக் களம் என்று எழுதி மனுக் கொடுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஆனால் அந்த நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாநிலம் டில்லிக்கு எழுதும் கடிதம் கீழேயிருந்து போகும் விவரத்தை வைத்துத்தான் எழுதப்படுகிறது.

இன்னொன்று. யூரியா தட்டுப்பாடு வந்தாலும் விவசாயத் துறையைத்தான் திட்டுகிறோம். உர மானியத்தைக் கவனிப்பது டில்லியில் ரசாயனம், உரம் என்ற வேறு அமைச்சகம். மீனும் மாடும் 2019 முதல் தனி அமைச்சகம். இப்படி டில்லிக்குள்ளேயே பல கதவுகள்.

நான்காவது வேலை, பணம் கொடுப்பது.

பி.எம். கிசான் என்று வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 ரூபாயாக 2019 முதல் வருகிறது. முழுப் பணமும் டில்லியுடையது. ஆனால் யாருக்கு நிலம் இருக்கிறது என்று சரிபார்த்துச் சொல்வது மாநிலம். 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத பலர் பெயர் இதில் ஏறி, பிறகு பணத்தைத் திரும்ப வசூலிக்கும்படி ஆயிற்று. அதிலிருந்து ஆதார், பட்டா எல்லாம் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். தவணை நின்றுபோனால், தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டாவை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் பாருங்கள். டில்லித் திட்டப்படி சிறு, குறு விவசாயிக்கு மானியம் 55 சதவீதம். தமிழ்நாடு அரசு மீதியைச் சேர்த்து 100 சதவீதமாகக் கொடுக்கிறது. தர்பூசணியும் வேர்க்கடலையும் போடுகிற நம் கடலோர மணற்பாங்குக்கு இது உகந்தது. யார் குத்தினாலும் அரிசியானால் சரி. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து குத்தினால்தான் சில வேலை நடக்கும்.

பயிர்க் கடனும் அப்படியே. 1998-ல் வந்த கிசான் கடன் அட்டையில் குறிப்பிட்ட வரம்பு வரை 7 சதவீத வட்டி; தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் தவறாமல் கட்டுபவருக்கு அந்த வட்டியையும் மாநில அரசே ஏற்றுக்கொள்கிறது.

ஐந்தாவது வேலை, இன்ஷூரன்ஸ்.

2016 முதல் நடக்கும் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் டில்லி வகுத்தது. சம்பா நெல்லுக்கு, காப்பீட்டுத் தொகையில் 1½ சதவீதம்தான் விவசாயி கட்டுவது. தோட்டப் பயிருக்கும் வாணிபப் பயிருக்கும் 5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. எந்தப் பயிர், எந்தக் கம்பெனி, எது கடைசி நாள் என்று அறிவிப்பது மாநிலம். சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15 என்று வைக்கிறார்கள். அந்த நாள் தாண்டினால் யார் சொன்னாலும் நடக்காது.

நஷ்டக் கணக்கு உங்கள் ஒருவர் கழனியைப் பார்த்துப் போடுவது அல்ல. உங்கள் வருவாய் கிராமத்தில் சில கழனிகளில் சோதனை அறுவடை செய்து, அதன் சராசரியை வைத்துப் போடுவது. ஆகவே சோதனை அறுவடைக்கு அதிகாரிகள் வருகிற நாளைக் கேட்டு, ஊராரும் கூட நில்லுங்கள். ஆனால் அறுத்துக் கழனியில் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டுப்போனால் தனியாகப் பார்ப்பார்கள். அதற்கு 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

இப்போது அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவருக்கு அந்த வருஷம் இன்ஷூரன்ஸ் இல்லை. "நிலம் என் பேர்ல இல்லீங்களே, நமக்கு ஏது அதெல்லாம்" என்றார். இதுதான் மனசை உறுத்திற்று. பி.எம். கிசான் பணம் நிலம் தன் பெயரில் உள்ளவருக்குத்தான். வாரத்துக்கு உழுபவருக்கு இல்லை. இது டில்லித் திட்டத்தில் உள்ள குறை. உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பயிர் இன்ஷூரன்ஸ் அப்படி இல்லை. குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுபவரும் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் பயிரிட்டதற்கான அடங்கல் வாங்கி, ஆதார், பாங்கி புத்தகத்தோடு போக வேண்டும். கிசான் கடன் அட்டை விதியிலும் குத்தகைதாரருக்கு இடம் இருக்கிறது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஒன்று கிடைக்கவில்லை என்பதால் மற்றதையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பெரியவருக்கு நெல்லும் போயிற்று, நஷ்ட ஈடும் இல்லாமல் போயிற்று. உழைப்பில் அவரிடம் குறையில்லை. கேட்கலாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

டில்லிக்கும் ஒரு எல்லை உண்டு என்பதற்குச் சமீபத்து உதாரணம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2020 செப்டம்பரில் விளைபொருள் வியாபாரம் பற்றி டில்லி மூன்று சட்டம் கொண்டுவந்தது. மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து கேட்கவில்லை என்று பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் டில்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் மூன்றையும் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்பதில் அவரவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம். கழனிக்குள் வருகிற எந்தக் காரியமும் கழனிக்காரரைக் கேட்டுவிட்டு வந்தால்தான் நிற்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

ஆகவே நினைவில் வையுங்கள். ஏரி, மின்சாரம், விதைக் கடை, கொள்முதல் நிலையம் திறப்பது எல்லாம் இங்கே. விலை அறிவிப்பு, ஈர வரம்பு, இன்ஷூரன்ஸ் விதி, பெரிய ஆராய்ச்சி எல்லாம் அங்கே. அங்கே போக வேண்டிய குரலும் இங்கேயிருந்து, உங்கள் மனுவாகத்தான் கிளம்ப வேண்டும். பயிரில் சந்தேகம் என்றால் 2004 முதல் டில்லி நடத்தும் கிசான் கால் சென்டர் இருக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

அந்தப் பெரியவரை அடுத்த ஐப்பசியில் மறுபடி பார்த்தேன். மடித்து வைத்த ஒரு காகிதத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். அடங்கல். அவர் பெயர் போட்டு, இரண்டு ஏக்கர் சம்பா என்று எழுதியிருந்தது. "நவம்பர் 15-ன்னு சொன்னீங்களே, இப்பவே கட்டிடப் போறேன்" என்றார். மழை வருமா வராதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று இப்போது அவருக்குத் தெரியும்.

உங்கள் ஊரிலும் வாரத்துக்கு உழுபவர் ஒருவராவது இருப்பார். இந்தப் பேச்சைக் கேட்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. நாளைக் காலையில் கழனிக்குப் போகும் வழியில் அவரிடம் இந்த ஒரு விஷயத்தையாவது சொல்லிவிட்டுப் போங்கள்.